உயிர் இருப்பது மூட்டில்! "ரெடிமேட்" வீடுகள் எவ்வளவு பத்திரம்?

சென்னை —

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் 12 கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் 5 மாடியும். மொத்தம் 1,152 வீடுகள். செலவு சுமார் 116 கோடி ரூபாய்.

2021 ஜனவரி 1-ந்தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே 26-ந்தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். 17 மாதத்துக்குள் வேலை முடிந்து விட்டது! ஒத்தை வீடு கட்டவே ஒரு வருஷம் இழுக்கிற ஊரில் இது எப்படி நடந்தது?

இட்லி வார்ப்பது போல...

தூண், உத்தரம், தளம் எல்லாம் முன்கூட்டியே வார்த்தவை. இட்லித் தட்டில் மாவு ஊத்துகிற மாதிரி, அச்சுக்குள் கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றி இறுக வைக்கிறார்கள். பிறகு கிரேன் தூக்கி வந்து பொருத்துகிறது. மாடிக்கு மாடி சென்ட்ரிங் அடித்துக் காத்திருக்கும் வேலை மிச்சம். அளவும் அவ்வளவாகப் பிசகாது.

"எல்லாம் சரி, நாளைக்கு விழாதே?" இதுதான் குடிபோகிறவர் மனதில் எழும் கேள்வி. நியாயமான கேள்வி!

ஆபத்து எங்கே?

வழக்கமான கான்கிரீட் கட்டடத்தில் தூணும் உத்தரமும் தளமும் கம்பியோடு கம்பி பின்னி, ஒரே உடம்பாக இறுகி விடும். ரெடிமேட் வீடு துண்டு துண்டாக வருகிறது. துண்டுகள் சேருகிற மூட்டில்தான் உயிரே இருக்கிறது. அங்கே கம்பியைக் கோர்க்காமலோ, கலவையை முழுசாக நிரப்பாமலோ விட்டால் சீட்டுக்கட்டு கதிதான்!

டீ போட அடுப்பு பற்ற வைத்தார்!

லண்டனில் இது நடந்தே விட்டது. அங்கே "ரோனன் பாயின்ட்" என்று 22 மாடிக் கட்டடம். அதில் தூணே கிடையாது. ஆலையில் வார்த்த சுவர்களே பாரம் தாங்கின.

1968 மே 16-ந்தேதி விடியற்காலை. 18-வது மாடியில் ஒரு பெண் டீ போட தீக்குச்சி கிழித்தார். கசிந்திருந்த கேஸ் "டமார்" என்று வெடித்தது. மூலைச் சுவர் பிய்த்துக் கொண்டு போனது. மேல் மாடிகள் விழுந்தன. அந்தப் பாரம் தாங்காமல் கீழ் மாடிகளின் மூலையும் வரிசையாகச் சரிந்தது. 4 பேர் பலி. ஜனங்கள் குடியேறி இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது!

தீக்குச்சி கிழித்த பெண் உயிர் பிழைத்தார்.

1986-ல் கட்டடத்தைப் பிரித்தபோதுதான் குட்டு உடைந்தது. மூட்டுகளில் கலவைக்குப் பதில் பழைய பேப்பர் திணித்திருந்தார்கள்!

குஜராத்தில்...

2001 ஜனவரி 26-ந்தேதி குஜராத் பூகம்பம். ரெடிமேட் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் கூரைப் பலகைகள் பொத்தென்று விழுந்தன. சுவரோடு சரியாகப் பிணைக்காததே காரணம். அங்கும் கோளாறு மூட்டில்தான்.

இதனால் ரெடிமேட் வீடே வேண்டாம் என்பதல்ல. மூட்டு ஒழுங்காக இருந்தால் இதுவும் மற்ற கட்டடம் போலத்தான் நிற்கும். இதற்கென்று இந்திய தர விதியும் (ஐ.எஸ். 15916) இருக்கிறது. லண்டன் விபத்துக்குப் பிறகு பிரிட்டன் 1970-ல் சட்டத்தையே திருத்தியது. ஒரு பகுதி போனாலும் கட்டடம் மொத்தமும் சரியக் கூடாது என்றது.

என்ன செய்ய வேண்டும்?

பூசி விட்டால் மூட்டு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பூசுமுன் ஒவ்வொரு மூட்டையும் என்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கணக்கைக் குடியிருப்போர் கேட்டால் காட்ட வேண்டும்.

குடியிருப்போருக்கும் பொறுப்பு உண்டு. அலமாரி வைக்கிறேன், ஏ.சி. மாட்டுகிறேன் என்று தூணையும் உத்தரத்தையும் குடையக் கூடாது. மூட்டில் விரிசலோ, நீர்க்கசிவோ கண்டால் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல் உடனே புகார் கொடுக்க வேண்டும்.

வீட்டைச் சீக்கிரம் கட்டியது சாமர்த்தியம்தான். ஆனால் உள்ளே தூங்கப் போவது ஏழை ஜனம். பேப்பர் திணித்த மூட்டு அவர்களை எழுப்பிவிட்டு விழாது!