பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளை

மூன்று வயது நிரம்பிய குழந்தையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பிய மறுவாரமே தடிமன் தொற்றிவிட்டதென்று கலங்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இவ்வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை தடிமன் பிடிப்பது வழமையே. ஆனால், காலையில் பரசிற்றமோல் பாணி கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் உண்டு. அது பெருந்தவறு. மருந்தின் வேகம் தணிந்ததும் பிள்ளை வகுப்பிலே துவண்டு போகும்; அயலிலிருக்கும் பிள்ளைக்கும் நோய் பரவும். மருந்தின்றியே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே அனுப்புங்கள். டெங்கு உலவும் நம் நாட்டிற் காய்ச்சல் 2 நாள் நீடித்தால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூன்றாம் வயதில் ஏற்றவேண்டிய சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிற் பதியப்பட்டுள்ளதா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.