ஒளித்து வைத்தது யார்?



ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஓலையில் எழுதிய காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். மேலே புள்ளி இட்டால் குறில், இடாவிட்டால் நெடில். ஓலை கிழிந்துவிடும் என்று அந்தப் புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, நெடிலுக்குக் கீழே கால் இழுத்துக் கொடுத்தவர் இதே ஊரில் தங்கி மாதா கோயில் கட்டிய வீரமாமுனிவர். (அவருக்கு 'இஸ்மத் சன்னியாசி' என்று பட்டம் கொடுத்தவர் திருச்சியை ஆண்ட சந்தா சாகிபு என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.) ஒரு புள்ளியில் பொருளே மாறிவிடும்!

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். இணையப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எண். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இப்படி மாற்றிக்கொண்டே போனால் ஒரு கடிதத்தையே படத்துக்குள் புதைத்துவிடலாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதி வைப்பது இன்னும் எளிது.

இதை வைத்து நம் சமுதாயத்தின் மீது எவ்வளவு பெரிய பழி போடப்பட்டது தெரியுமா? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'யுஎஸ்ஏ டுடே' பத்திரிகை, உசாமா பின்லாடனின் ஆட்கள் இணையதளப் படங்களில் ரகசியச் செய்திகளை ஒளித்து அனுப்புகிறார்கள் என்று எழுதியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் புரோவோஸ், பீட்டர் ஹனிமன் ஆகிய இருவரும் அதே ஆண்டு 'ஈபே' ஏலத் தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை! செய்தி எழுதிய ஜாக் கெல்லி 2004ல் பத்திரிகையை விட்டு விலகினார். அவர் பல செய்திகளைப் புனைந்து எழுதியது அப்பத்திரிகையின் சொந்த விசாரணையிலேயே வெளிவந்தது. ஆனால் சந்தேகம் மட்டும் தாடியோடும் தொப்பியோடும் ஒட்டிக்கொண்டது.

யாருமே ஒளிக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. 2010ல் அமெரிக்காவில் பிடிபட்ட ரஷ்ய உளவாளிகள் படங்களுக்குள் செய்தி ஒளித்தது உண்மை. 2011ல் பெர்லினில் பிடிபட்ட அல்காயிதா ஆள் ஒருவரிடம் இருந்த வீடியோவுக்குள் ஆவணங்கள் இருந்ததாகவும் செய்தி வந்தது. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். செய்யாதவன் கம்ப்யூட்டருக்குள் அவனுக்கே தெரியாமல் வேறொருவன் ஒளித்து வைத்தால்?

நம் நாட்டில் எழுந்திருக்கும் கேள்வி இதுதான். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கம்ப்யூட்டரில், மறைக்கப்பட்ட ஃபோல்டர் ஒன்றில் கடிதங்கள் இருந்தன. தெரிந்தவர் பெயரில் வந்த மின்னஞ்சலை 2016ல் அவர் திறந்தபோது வைரஸ் புகுந்தது, அதன் வழியாகவே கடிதங்கள் வைக்கப்பட்டன, அவர் அவற்றைத் திறந்ததற்கு அடையாளமே இல்லை என்று அமெரிக்காவின் அர்சினல் கன்சல்டிங் ஆய்வகம் 2021ல் அறிக்கை தந்தது. நமது திருச்சிச் சீமையின் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி, வீரமாமுனிவரைப் போலவே சேசு சபைப் பாதிரியார். அவரது கம்ப்யூட்டரிலும் 40க்கு மேற்பட்ட கோப்புகள் திணிக்கப்பட்டதாக 2022 டிசம்பரில் அதே ஆய்வகம் சொன்னது. கேட்க அவர் உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார். என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை.

வியாபாரச் சகோதரர்களே! கடை கம்ப்யூட்டரில் கணக்குப் பிள்ளையும் பில் போடும் பையனும் யார் அனுப்பினாலும் திறந்து பார்க்கிறார்கள். இளைஞர்களே! வந்ததையெல்லாம் வாசிக்காமலே பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத்தின் கட்டளை செல்போனுக்குப் பொருந்தாதா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களில், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105வது பிரிவு. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தரும்போது அதன் 'ஹாஷ்' எண்ணையும் தர வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவு. ஹாஷ் என்பது கம்ப்யூட்டரின் கைரேகை. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆனால் கைப்பற்றும் நேரத்திலேயே அதை எழுதி உரியவர் கையில் தர வேண்டும் என்று இப்பிரிவுகளில் இல்லை. வீட்டிலிருந்து எடுத்த நாளுக்கும் நீதிமன்றம் போய்ச் சேரும் நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? கைப்பற்றிய பட்டியலிலேயே ஹாஷ் எண் இடம்பெற வேண்டும் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானம் போட்டு, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் நேரில் கொடுங்கள்.