ஹைட்ராக்ஸிலமின் மீது சுமத்தப்படும் பழி

அயல்நாட்டு ஆலை விபத்துகளைப் பற்றிப் படித்தவர்கள், ஹைட்ராக்ஸிலமின் என்பது வெடிப்பதற்கென்றே மனிதன் சிருஷ்டித்த செயற்கை வஸ்து என்றும், நம்மைப் போன்றோரின் ஜீவிதத்துக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லையென்றும் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இத்தீர்ப்பை நான் மறுக்கிறேன்.

வெடிக்கும் என்பது மெய்யே. 1999-ல் அமெரிக்காவின் ஆலன்டவுன் அருகே ஐவரும், 2000-ல் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் நால்வரும் அதனால் மாண்டனர். ஆயினும் அமெரிக்க ஆலையில் வெடித்தது, நீரை நீக்கி 80 சதவீதத்துக்கும் மேலாகச் செறிவேற்றிய கரைசல். அந்நிலையில் இரும்பு அணுமாத்திரம் கலந்தாலும் சிதைவு கட்டுக்கடங்காமல் மூண்டுவிடும். தூய ஹைட்ராக்ஸிலமினின் உருகுநிலை 33 பாகையே ஆதலின், பங்குனி நண்பகலில் திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலைத் தெருவில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால், அந்த வெண்படிகம் அடுப்பின் உதவியின்றியே இளகிச் சிதையத் தொடங்கும். அதையே அமிலத்தோடு கூட்டி உப்பாக்கினால் வெகுவாக அடங்கிவிடுகிறது. 1865-ல் லோசன் என்னும் ஜெர்மானியர் முதலில் கண்டதும் உப்பைத்தான்; தூய பொருள் கைக்கு வர 1891 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

செயற்கை என்ற வாதம் அதனினும் பலவீனமானது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அனைத்தும், கிள்ளியாற்றுச் சேற்றிலாயினும் வயற்காட்டிலாயினும், இடைவழியில் ஹைட்ராக்ஸிலமினை உண்டாக்கியே அப்பால் செல்கின்றன.

பிரயோஜனமில்லை என்போர் வலியதுறைக் கடற்கரைக்குச் சென்று, மீனவர் கையிலுள்ள வலையின் நூலைத் தொட்டுப் பார்க்கட்டும். அது பெரும்பாலும் நைலான்-6. அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டம், சைக்ளோஹெக்ஸனோனோடு ஹைட்ராக்ஸிலமின் சேர்ந்து ஆக்ஸைமாகி, அந்த ஆக்ஸைம் அமிலத்தில் உள்ளமைப்பு மாறுவதால் பிறப்பது. ஆலுவாவை அடுத்த உத்யோகமண்டலில் ஃபாக்ட் நிறுவனம் காப்ரோலாக்டம் தயாரிப்பதை அறியாமல், இது எங்கோ அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நஞ்சு என்ற குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன்; இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்துப் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் அது செய்துவிடும். ஆனால் 1869-ல் அதன் உப்பிலிருந்தே முதன்முதலாக ஆக்கப்பட்ட ஹைட்ராக்ஸியூரியா, நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-ல் கண்டறியப்பட்டு, வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் இன்றும் வாட்டிவரும் அரிவாள் செல் நோய்க்கு அவுடதமாயிற்று. சிசுப்பருவத்து ஹீமோகுளோபினை மீண்டும் பெருகச் செய்து, நோயாளியின் எலும்பு நோவை அது தணிக்கிறது.