யந்திரத்தின் நம்பர் யார் கையில்?

ஆலைத் தொழிலாளிக்கு டோக்கன் நம்பர் உண்டு. சம்பளக் கணக்குக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதே நம்பரை வைத்துச் சங்கக் கூட்டத்துக்குப் போனவன் யார் என்று நிர்வாகம் குறித்துக்கொண்டால் அதன் பெயர் கணக்கல்ல, வேவு! கம்ப்யூட்டரிலும் இதே சூழ்ச்சிதான் நடந்தது.

கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம், தான் எந்தச் சிப்பில், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் ஓடுகிறது என்று கேட்டறிய முடியும். அதில் குற்றமில்லை, யந்திரத்தின் ரகம் தெரிந்தால்தான் அதற்கேற்ப வேலை செய்ய முடியும். ஆனால் "நீ எந்த ரகம்?" என்று கேட்பது வேறு, "நீ யார்?" என்று கேட்பது வேறு.

1999 ஜனவரியில் அமெரிக்க இன்டெல் கம்பெனி, பென்டியம் 3 சிப் ஒவ்வொன்றிலும் தனித்தனி வரிசை நம்பர் பதிப்பதாக அறிவித்தது. சிபியுஐடி என்ற கட்டளையைக் கொடுத்தால் புரோகிராம் அதைப் படித்துவிடும். இணைய வியாபாரத்துக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஒருவர் எந்தக் கடைக்குப் போனார், எதைப் பார்த்தார் என்பதையெல்லாம் ஒரே நூலில் கோத்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை!

"குற்றம் செய்யாதவனுக்குப் பயமென்ன?" என்று முதலாளிகளின் வக்கீல்கள் கேட்கலாம். அப்படியானால் கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களைத் தொழிலாளி முன் திறந்து வைக்கட்டுமே!

தனியுரிமைக்குப் போராடும் அமைப்புகள் இன்டெல்லைப் பகிஷ்கரிக்க அறைகூவின. அந்த மாதமே கம்பெனி இறங்கி வந்தது. நம்பரை அணைத்தே அனுப்புவதாகச் சொன்னது. 2000-இல் வந்த பென்டியம் 4-இல் அந்த நம்பரே இல்லை. எதிர்த்தார்கள், வென்றார்கள்!

ஆனால் ஏகபோகம் ஓயவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11, யந்திரத்தின் சிப்பையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் விசாரிக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் "தகுதியில்லை" என்று தள்ளுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் நிறுத்தப்பட்டது. நன்றாக ஓடும் யந்திரத்தைத் தூக்கியெறிந்து புதிது வாங்கு என்பதே இதன் பொருள். இதையும் பாதுகாப்பு என்கிறார்கள். அதே பழைய யந்திரங்களில் பலவற்றில் லினக்ஸ் இன்றும் ஓடுகிறதே, பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றனவே!

தோழர்களே, எதிரி யந்திரமல்ல, நம்பருமல்ல. புரோகிராம் எதைக் கேட்கிறது, யாருக்கு அனுப்புகிறது என்பதைப் பகிரங்கமாகச் சொல்! மறுக்கும் உரிமையைக் கொடு! காசு கொடுத்து வாங்கியவனுக்கே யந்திரம் பதில் சொல்லட்டும்!