இடம் உறுதி, எந்த வகுப்பில்?
அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு ஹாப்வுட் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1996-இல் தடை போட்டது. மறு ஆண்டே சட்டமன்றம் மாற்றுவழி கண்டது. எந்த உயர்நிலைப் பள்ளியாயினும், அதன் தரவரிசையில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. டாலஸின் வசதியான புறநகரும் மெக்சிகோ எல்லையோர ஏழைச் சிற்றூரும் இதில் சமம். ஒரே ஆசிரியரிடம், ஒரே வகுப்பறையில் படித்தவர்களோடு மட்டும் ஒரு மாணவரை ஒப்பிடுவதில் உள்ள நியாயத்தை மறுப்பது கடினம். பள்ளிகள் இன்னும் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான் இந்த ஏற்பாடு பன்மையைத் தருகிறது என்பது சங்கடமான உண்மை. ஆனால் அந்தப் பிரிவினை இச்சட்டம் உண்டாக்கியதல்ல.

பின்தங்கிய பள்ளியின் முதல் மாணவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் திணறுவார், தகுதியுள்ளவர் வெளியே நிற்பார் என்பது பழைய ஆட்சேபம். சாண்ட்ரா பிளாக், ஜெஃப்ரி டென்னிங், ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: சட்டத்தால் உள்ளே வந்தவர்களிடையே பட்டம் பெறுவோர் அதிகரித்தனர்; இடமிழந்தவர்களோ வேறு நல்ல கல்லூரிகளுக்குப் போய், பெரிதாக எதையும் இழக்கவில்லை. இட நெருக்கடி மெய்தான். 2009-இல் ஆஸ்டினுக்கு மட்டும், இச்சட்டத்தின்வழி நிரப்பும் இடங்களுக்கு 75 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. அங்கே முதல் 10 விழுக்காடு என்பது பின்னர் 5 ஆகச் சுருங்கியது. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: சட்டம் பல்கலைக்கழகத்தில்தான் இடம் தருகிறது, விரும்பிய பாடப்பிரிவில் அல்ல. பொறியியலோ கணினியோ கேட்பவர் தனியே போட்டியிட்டாக வேண்டும்.