ஒரே ஒரு விமானம்

வெற்றி கண்ட இயந்திரங்களைப் பற்றியே இப்பகுதியில் நாம் பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் வெற்றி காணாத ஒன்றைப் பற்றி எழுத விழைகிறோம். பரீட்சையில் பிள்ளை தவறினால், "நீ படிக்கவில்லை" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடும் பெற்றோர் இதனைச் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

இத்தாலியில் மிலான் நகரையடுத்த சேஸ்டோ சான் ஜோவன்னியில் பிரேடா என்னும் பெருந்தொழிற்சாலை இருந்தது. அங்கே பணியாற்றிய பிலிப்போ சப்பாட்டா விமானக் கலையில் வல்லவர். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து 55 பிரயாணிகளைச் சுமந்து செல்லத்தக்க நான்கு என்ஜின் விமானம் ஒன்றை அவர் போர்க்காலத்திலேயே வகுக்கத் தொடங்கினார். அதன் பெயர் பி.இஸட்.308.

இத்தாலி போரில் தோற்றது. வெற்றி பெற்ற நேச நாடுகள் இவ்வேலையை நிறுத்தி வைத்தன. 1947இல் வேலை மீண்டும் தொடங்கியது. ஆனால் பிரிட்டனிலிருந்து வரவேண்டிய சென்டாரஸ் என்ஜின்கள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை. கடைசியில் 1948 ஆகஸ்டு 27ஆம் நாள் விமானம் வானில் எழுந்தது, நன்றாகவே பறந்தது.

பறந்து என்ன பயன்? அதற்குள் அமெரிக்க விமானங்கள் சந்தையைப் பிடித்துவிட்டன. போருக்கெனச் செய்து மிஞ்சியவை மலிவாக விலைபோயின. நம் நாட்டிற்கும் அவ்வாறு டக்கோட்டாக்கள் பல வந்தன. 1949இல் இரவு விமானத் தபால் தொடங்கியபோது, சென்னைக் கடிதங்களை நள்ளிரவில் நாகபுரிக்குக் கொணர்ந்து, தில்லி, பம்பாய், கல்கத்தாத் தபால்களோடு மாற்றிச் சென்றவை டக்கோட்டாக்களே. கைக்கெட்டும் விலையில் பழையது கிடைக்கும்போது, புதியதற்குப் பெரும் பொருள் கொடுக்க முன்வருவோர் எத்தனை பேர்? பிரேடாவிடமும் பணமில்லை. முதல் விமானத்தோடு திட்டம் நின்றது.

அவ்வொரு விமானம் இத்தாலிய விமானப் படையிடம் சேர்ந்து, ரோமாபுரிக்கும் சோமாலியாவின் மொகடிஷுவுக்கும் இடையே உழைத்தது. 1954இல் மொகடிஷுவில் தரையில் நின்றிருக்கையில் லாரி ஒன்று மோதிற்று. அதன்பின் அது பறக்கவில்லை. வானம் அதனைத் தோற்கடிக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

சப்பாட்டா ஓயவில்லை. அகுஸ்டா நிறுவனத்தில் சேர்ந்து, 1958இல் ஏ.இஸட்.8எல் என்னும் மற்றொரு பிரயாணி விமானத்தைப் பறக்கவிட்டார். அதுவும் ஒன்றோடு நின்றது. ஆயினும் அவருடைய திறமையைக் குறைத்துக் கூறுவார் இல்லை.

தந்தைக்கு மாற்றலாகி, கல்வியாண்டின் நடுவே புது ஊருக்கும் புது மொழிக்கும் வந்து சேரும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்கள் மதிப்பெண் பட்டியலை நீட்டும்போது, கோபம் கொள்வதற்கு முன், "என்ஜின் காலத்தில் வந்து சேர்ந்ததா?" என்று நம்மை நாமே ஒரு முறை கேட்டுக்கொள்வோமாக. வரவில்லையெனில், அதனை வரவழைத்துக் கொடுப்பது நம் கடமை.