பழி ஓட்டுநர் மீதா, இயந்திரத்தின் மீதா?

தோட்டத்து வண்டிக்குத் தார்ச்சாலை எட்டாக்கனி. மழை பெய்தால் முழங்கால் சேறு. வெயில் காய்ந்தால் கண்ணை மறைக்கும் புழுதி. அந்தப் பாதையில்தான் டிராக்டரும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் நாள்தோறும் ஓடுகின்றன. அவை நடுக்காட்டில் நின்றுவிட்டால் நட்டம் யாருக்கு? மரத்திலிருந்து இறக்கிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். பாலாகச் சேர்ந்தால் கிடைக்கும் விலை கட்டியாகச் சேர்ந்தால் கிடைப்பதில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஏற்றிய வண்டி நின்றுவிட்டாலோ, அந்த நட்டத்தை வெள்ளிக்காசால் அளக்க முடியாது.

வண்டி நின்றவுடன் எழும் முதல் குரல், "ஓட்டியவன் கெடுத்துவிட்டான்" என்பதுதான். இது நியாயமா? பெரும்பாலான பழுதுகள் திடீரென்று வருவதில்லை. புகையாலும், ஓசையாலும், சூட்டாலும் இயந்திரம் முன்கூட்டியே சேதி சொல்கிறது. அச்சேதியைப் படிக்க ஓட்டுநருக்குக் கற்றுத் தராததே பெருங்குற்றம் என்போம். பட்டறைக்காரர் மட்டும் அறிந்த அந்தப் பாடத்தில் சிலவற்றை நம் தோழர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம்.

டீசல் இயந்திரம் ஓடுவதற்குக் காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு இவற்றோடு தீப்பொறியும் வேண்டும். எது குறைந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை. கண்டதையெல்லாம் கழற்றுவது முறையன்று.

சாவியைத் திருப்பினால் "டக் டக்" என்ற ஓசை மட்டும் வருகிறதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கம்பிகளைக் கழற்றி, ஆப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் வாரையோ சந்தேகிக்கலாம்.

இயந்திரம் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தங்கும். அதை அடிக்கடி வடித்துவிட வேண்டும். மலேசியாவில் சாலை டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கப்படுகிறது. அது நீரை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். குழாயில் காற்று புகுந்திருந்தால் பழைய டிராக்டர்களில் கைப்பம்பால் அடித்து வெளியேற்றலாம். புதுவகை டீசல் வண்டிகளில் மட்டும் இஞ்செக்டர் குழாயை யாரும் தளர்த்தவே கூடாது. அங்குள்ள அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும்.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கலாம். நீலப்புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. காலைக் குளிரில் சிறிது வெண்புகை வருவது இயல்பே. சூடேறிய பின்னும் நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று ஆராய வேண்டும். அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டதென்று பொருள். அவ்வண்டியைக் கிளப்பவே கூடாது.

சூடு ஏறுகிறதா? ரேடியேட்டர் முகப்பில் லாலான் பஞ்சும் இலையும் சேறும் அடைத்திருக்கும். இயந்திரம் ஆறிய பிறகு, அதன் பக்கமிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பவர் முகத்தை வேக வைத்துக்கொள்வார். எண்ணெய் விளக்கு எரிந்தால் அடுத்த முனை வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

வெள்ளக் காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. தண்ணீரைக் கடக்கையில் இயந்திரம் அணைந்தால் மறுபடி கிளப்பாதீர்கள். காற்றைப் போல் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் இரும்புத் தண்டையே வளைத்துவிடும். கயிறு கட்டி இழுத்து வந்து மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே மலிவான வழி.

இவையெல்லாம் ஓட்டுநர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமா? இல்லை. கிராணிமார்களுக்கும் இதில் பங்கு உண்டு. வண்டிக்கு ஒரு புத்தகம் போடுங்கள். காலைப் பிரட்டு நேரத்தில் எண்ணெய், தண்ணீர், வார், பேட்டரி, வடிகட்டி ஆகியவற்றை ஓட்டுநர் பார்த்துச் சொல்லட்டும். தேதியிட்டு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நிருவாகம் என்ன செய்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். எழுதிய புகார் சாட்சியாக நிற்கும்.

நிருவாகத்துக்கும் ஒரு வார்த்தை. இயந்திரங்களை இயன்ற அளவு அபாயமின்றி வைத்திருப்பதும், அவற்றைக் கையாள்பவருக்குப் பயிற்சி தருவதும் முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. உயிருக்கு உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்னும் உரிமையும் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

ஒரு வடிகட்டியின் விலையை மிச்சம் பிடித்து ஓர் இயந்திரத்தையே இழப்பது சிக்கனமாகாது. வண்டியைப் பழகியவர் கையில் அதைப் பற்றிய அறிவையும் கொடுங்கள். அதன் பிறகும் பழுது வந்தால், அன்று யார் மீது குற்றம் என்று பேசுவோம்.